பிழைத்து வந்தவனுக்கு நடுகல் இல்லை

1

கோவில்பட்டியில் பாசஞ்சர் ரயில் ஏறித் தெற்கே போனால் கடம்பூர் வரும். வண்டி நின்றதும் போளி விற்கிறவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி வருவார்கள். அதைத் தாண்டினால் மணியாச்சி. 1911 ஜூன் 17ஆம் தேதி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு வாஞ்சிநாதன் தன் உயிரையும் முடித்துக்கொண்ட இடம். இன்றைக்கு அந்த ஸ்டேஷனுக்கே வாஞ்சி மணியாச்சி என்று பேர். அவன் சட்டைப்பையில் இருந்த கடிதம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னனைக் குறிக்க ‘பஞ்சமன்’ என்ற சொல்லைத்தான் எடுத்தது என்பதைப் பாடப்புத்தகம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. எங்களைப் பற்றிய சொல்லே வசவாக எங்க காதில் விழுகிறது.

கடம்பூருக்கு மேற்கே கயத்தாறு. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊர். கிழக்கே ஒட்டப்பிடாரம் பக்கம் கவர்னகிரி. கட்டபொம்மனின் படைத்தளபதி சுந்தரலிங்கத்தின் ஊர். அவரும் வடிவும் வெள்ளைக்காரனின் வெடிமருந்துக் கிடங்குக்குள் புகுந்து, தங்களையும் சேர்த்தே அதை அழித்தார்கள் என்று எங்க சனம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறது.

வாஞ்சியும் சுந்தரலிங்கமும் ஒன்றா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒன்றில்லை. ஒருவர் சனாதனத்துக்காக நின்றவர். இன்னொருவரை அந்தச் சனாதனம் தெருவுக்குள் விட்டிருக்காது. ஆனால் இந்தக் கரிசல் காட்டில் இரண்டு பக்கத்து வரலாறும் ஒரு விசயத்தில் ஒத்துப்போகிறது. செத்தால்தான் சிலை. செத்தால்தான் பேர்ப்பலகை. உடம்பை அழித்துக்கொண்டவனுக்கு நடுகல் நட்டு மாலை போடுகிற சமூகம், அழிக்கப் போய் அழியாமல் திரும்பி வந்தவனை என்ன செய்கிறது? இந்தக் கேள்விக்கு எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் பதில் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன். திரும்பி வந்தவர்களில் நானும் ஒருத்தன்.

1997 ஏப்ரலில், பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்த சமயம், என் உடம்புக்கு நானே தீங்கு செய்துகொண்டேன். அப்போது எனக்கு 17 வயசு. எப்படிச் செய்தேன் என்று எழுத மாட்டேன். பத்திரிகைக்காரனுக்கு அது ஒன்றுதான் வேண்டும். அதைப் படிக்கிற இன்னொரு 17 வயசுப் பையனுக்கு அது வேண்டவே வேண்டாம். ஏன் செய்தாய் என்று கேட்பவர்களுக்கும் ஒற்றைக் காரணம் சொல்ல என்னிடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானம் இருந்தது, வீட்டில் கடன் இருந்தது, கணக்குப் பரீட்சை பயம் இருந்தது, ஒரு வருசமாகத் தூக்கம் இல்லாமல் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிது. நான் எழுதப் போவது அதற்குப் பிறகான நாட்களைப் பற்றி. சாவுக்குத் தேதி இருக்கிறது, அதை வரலாறு குறித்துக்கொள்கிறது. ஆறுகிற உடம்புக்குத் தேதி கிடையாது.

2

ஆஸ்பத்திரியில் கண் முழித்ததும் ‘ஐயோ, இப்படிச் செய்துவிட்டோமே’ என்று தோன்றியதா என்று கேட்பார்கள். தோன்றவில்லை. முதலில் வந்தது வெட்கம். அடுத்த கட்டில்காரருக்கு வந்த சொந்தக்காரர்கள்கூட என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கட்டுப் பிரிக்கிறவர், ‘பெத்தவங்களுக்குப் பாரமா இருக்கிறதுக்குன்னே பொறப்பீங்களாய்யா’ என்றார். நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒரு ஏட்டு வந்தார். இந்த மாதிரிக் கேஸ் வந்தால் ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். காக்கிச் சட்டையைக் கண்டதும் அம்மாவுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. காரணம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி மணியாச்சிப் பக்கத்துக் கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்து வீடு வீடாக உடைத்துப் போட்டு, குடிதண்ணீர்க் கிணற்றையும் கெடுத்துவிட்டுப் போய் இரண்டு வருசம்கூட ஆகவில்லை. எங்க பக்கத்துத் தாய்மாருக்குப் போலீஸ் என்றால் கொடியங்குளம்தான். ‘சாமி, எம்புள்ள தெரியாமப் பட்டுக்கிட்டான். தவறி நடந்துபோச்சு’ என்று அம்மா ஏட்டின் காலில் விழப் போனாள். அய்யா அவரைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். என்ன கொடுத்தார் என்று கடைசி வரைக்கும் என்னிடம் சொல்லவில்லை. காகிதத்தில் ‘விபத்து’ என்று எழுதப்பட்டது.

அந்த ஏட்டு கையில் வைத்திருந்த பிரிவு 309. வெள்ளைக்காரன் 1860இல் போட்ட தண்டனைச் சட்டத்தில் உள்ளது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனுக்கு ஒரு வருசம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சாகப் போனவன் செத்துவிட்டால் குற்றமில்லை, பிழைத்தால் குற்றம். இதைக் கொடுத்த இங்கிலாந்துக்காரன் தன் நாட்டில் 1961இலேயே அந்தக் குற்றத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டான். இங்கே 1971இல் சட்ட கமிஷன் இதை நீக்கச் சொன்னது. 1978இல் அதற்கான மசோதா மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவை கலைந்ததும் செத்துப்போனது. 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ரத்தினம் வழக்கில், இந்தப் பிரிவு செல்லாது என்றார்கள். 1996 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் கியான் கவுர் வழக்கில், செல்லும் என்றார்கள். ஆக, இந்த நாட்டில் பிழைத்து வந்தவன் குற்றவாளி இல்லை என்று இருந்தது இரண்டே இரண்டு வருசம். நான் ஒரு வருசம் பிந்தி வந்து சேர்ந்தேன்.

இதை எல்லாம் நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உண்மையைச் சொன்னால் கேஸ். அதனால் டாக்டரிடமும் பொய், ஊரிலும் பொய். பொய் சொல்லிவிட்டால் அப்புறம் மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்க முடியாது. விபத்தில் அடிபட்டவனிடம் எதற்கு அதைக் கேட்க வேண்டும்? 309 ஜெயிலுக்கு அனுப்பிய ஆட்கள் எத்தனை பேரோ, வாயை அடைத்த ஆட்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். அதிலும் ஏட்டைச் சரிக்கட்டத் துட்டு இல்லாத சேரிக்காரனுக்கு இந்தச் சட்டம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2017ஆம் வருச மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 115ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதுத் தண்டனைச் சட்டத்தில் 309 இல்லை. ஆனால் 226 என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அரசு ஊழியரை ஒரு வேலையைச் செய்ய வைக்கவோ தடுக்கவோ உயிரை மாய்க்க முயன்றால் அது இன்றைக்கும் குற்றம்தான். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே போனதே, அந்த மாதிரி மனு கொடுத்து மனு கொடுத்து அலுத்த சனம்தான் இந்தப் பிரிவுக்குள் வரும்.

3

வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல் தொடங்கியது. வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. ‘தினமும் பயிற்சி பண்ணணும். வாரத்துக்கு ரெண்டு நாள் இங்க வரணும். விட்டுட்டா அப்படியே இறுகிரும்’ என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த அக்கா எச்சரித்து அனுப்பினார். ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். அந்தப் பந்தை அமுக்குவதுதான் என் முழு நேர வேலை. காலையில் இருந்து அமுக்கினாலும் சாயங்காலம் விரல் அதே இடத்தில் நிற்கும். புண் ஆறுவது கண்ணுக்குத் தெரியாது. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இருக்காது. சட்டைப் பித்தான் போட அம்மா வேண்டும். சோறு பிசைய அம்மா வேண்டும். 17 வயசில் அம்மா ஊட்டிச் சாப்பிட்டிருக்கிறீர்களா? ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டேன். கொட்டின சோற்றை அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அள்ளினாள். அந்தப் பேசாமை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஊர்க்காரர்கள் துட்டி கேட்க வருகிற மாதிரி வந்தார்கள். வந்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, ‘எய்யா, ஒனக்கு என்ன கொற வச்சோம்’ என்று ஆளாளுக்கு ஒரு கேள்வி. சொல்வதற்கு ஒன்றுமில்லை, சொன்னாலும் கேட்க மாட்டார்கள். வீட்டில் அரிவாள்மனை எங்கே போனது, மருந்து டப்பா எங்கே போனது என்று தெரியாது. எல்லாம் ஒளித்து வைக்கப்பட்டது. வெளிக்குப் போனாலும் கொஞ்ச தூரம் தள்ளித் தங்கச்சி வந்து நிற்பாள். காவல் காக்கிறார்களே என்று ஆத்திரப்பட்டேன். அந்த வயசுப் புத்திக்கு அது காவலாகத்தான் தெரிந்தது. எனக்காக அவர்கள் தூங்காமல் முழித்திருந்தார்கள் என்பது எனக்கு உறைக்க வருசங்கள் ஆனது.

இந்தச் சமயத்தில்தான் 1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பேரில் ஒரு போக்குவரத்துக் கழகத்தை அரசு தொடங்கியது. எங்க தெருவில் அன்றைக்கு இருந்த சந்தோசத்தை எழுதிக் காட்ட முடியாது. எங்க ஆள் பேர் பஸ்ஸில்! எல்லா மாவட்டத்துக்கும் எல்லா பஸ்ஸுக்கும் யார் யார் பேரோ இருக்கிறது, எங்க ஆள் பேர் ஒரு பஸ்ஸில் இருக்கக் கூடாதா? கூடாது என்றார்கள். அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். விருதுநகர், நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கல்லெறி, தீவைப்பு, கொலை என்று கலவரம் பரவியது. கடைசியில் அந்த ஜூலையில் அரசு ஒரு முடிவெடுத்தது. மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலும் இருந்து தலைவர்கள் பேரை மொத்தமாக எடுத்துவிட்டது. எங்க ஆள் பேரை ஏற்பதற்குப் பதிலாக எல்லார் பேரையும் அழித்துக்கொண்டார்கள்.

இந்த வரலாற்றைத் தலித் எழுத்தில் பலர் எழுதிவிட்டார்கள். எழுதப்படாத ஒரு துண்டு என் கையில் இருக்கிறது. எங்க ஊரில் இருந்து கடம்பூர் ஸ்டேஷனுக்கு வரவேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். இடையில் அவர்கள் ஊர் இரண்டு இருக்கிறது. பல நாள் பஸ் ஓடவில்லை. ஓடிய நாளிலும் அய்யா அனுப்பவில்லை. ‘கை போனாலும் போகட்டும், ஆளு வேணும்’ என்றார். நான் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பயிற்சி விட்டுப்போனது. மறுபடி போனபோது அந்த அக்கா விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சன்னமாகச் சொன்னார்: ‘தம்பி, லேட்டாயிருச்சே.’

அந்த மூன்று விரலும் இன்று வரை மடங்காது. செய்தது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கை இறுகிப்போனதில் எனக்கு எவ்வளவு பங்கு, பஸ்ஸை மறித்த சாதிக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட எந்தக் கமிஷனும் உட்காரவில்லை. உடம்பை அழித்துக்கொண்டதாகப் போற்றப்படுகிற ஒரு வீரரின் பேருக்காக ஊரே அடித்துக்கொண்டபோது, அதே தெருவில் அழியாமல் மிஞ்சிய ஒருத்தன் பஸ் இல்லாமல் திண்ணையில் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தான். வரலாறு அவன் பக்கம் திரும்பவே இல்லை.

4

வருத்தம் என்று ஒன்று எனக்கு வந்தது ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்த மாதம்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஏட்டுக்குக் கொடுத்ததற்கும் அய்யா கடன் வாங்கியிருந்தார். கரிமூட்டம் போடுகிற கூலியில் அது அடைகிற கடன் இல்லை. மிச்சத்துக்குத் தீப்பெட்டி ஆபீஸில் முன்பணம் வாங்கினார். எங்க பக்கத்தில் தீப்பெட்டி முன்பணம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். பணத்துக்குப் பதில் கை போக வேண்டும். அம்மா கை ஏற்கனவே அங்கேதான் இருந்தது. என் கை உதவாது. மிஞ்சியது தங்கச்சி கை. 13 வயசு. எட்டாம் வகுப்போடு நின்றாள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினாள். 144 பெட்டி ஒரு குரோஸ். பசை காய்ந்து விரல் நுனி வெடித்திருக்கும்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1986ஆம் வருசக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தொழிலைப் பிள்ளைகளுக்குத் தடை செய்திருந்தது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு செய்தால் தடை இல்லை என்று அதிலேயே ஒரு ஓட்டை வைத்திருந்தார்கள். 1996 டிசம்பர் 10ஆம் தேதி சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. தீர்ப்பு பேப்பரில் வந்தது. பெட்டி ஒட்டுகிற வேலை திண்ணைக்கு வந்தது.

ஏன் மகள் படிப்பை நிறுத்தினார்கள், மகனை ஏன் மறுபடி பரீட்சை எழுது என்றார்கள்? ஆண்பிள்ளை என்பதால். இதையும் சொல்லாமல் விட முடியாது. சாதி எங்களை மிதித்தது என்று எழுதுகிற கை, எங்க வீட்டுக்குள் நாங்கள் யாரை மிதித்தோம் என்றும் எழுத வேண்டும். நான் கணக்கில் பெயிலாகியிருந்தேன். அவள் எட்டாம் வகுப்பில் முதல் மார்க். அவள் பழைய சிலேட்டை எடுத்துத்தான் நான் இடது கையால் அ, ஆ எழுதிப் பழகினேன். அவள் திண்ணையில் பெட்டி ஒட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சிலேட்டில் கிறுக்கினேன். எழுத்து கோணிக் கோணிப் போகும். சிலேட்டை வீசுவேன். அவள் எந்திரிச்சுப் போய் எடுத்து வந்து மறுபடி என் மடியில் வைப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

குற்ற உணர்ச்சி என்றால் எனக்கு அந்தச் சிலேட்டுதான். என் உடம்பு என் உடம்பு, அதை நான் என்னவும் செய்வேன் என்று நினைத்திருந்தேன். எங்களைப் போன்ற வீட்டில் ஒருத்தன் உடம்பு அவனுக்கு மட்டும் சொந்தமில்லை. அதில் பட்ட அடி வட்டி போட்டு இன்னொருத்தி கையில் போய் விழும். அடுத்த வருசம் மார்ச்சில் இடது கையால் கணக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தேன். வீட்டில் எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். என்னால் முழுசாகச் சந்தோசப்பட முடியவில்லை.

ரொம்ப வருசம் கழித்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘மன்னிப்பெல்லாம் கெடக்கட்டும்ணே. அன்னைக்கு ஆசுபத்திரில கண்ணு முழிச்சு, கஞ்சி இருக்கான்னு கேட்டேல்ல, அது போதும் எனக்கு. ஆனா என் படிப்ப நிப்பாட்டுனது நிப்பாட்டுனதுதான். அத இல்லைன்னு ஆக்காத.’ இரண்டும் உண்மை. ஒன்று இன்னொன்றை அழிக்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு நடமாடப் பழகியதைத்தான் நான் குணமாவது என்கிறேன்.

5

இந்தியாவில் பிழைத்து வந்தவர்களிலே எல்லாருக்கும் தெரிந்த முகம் ஒன்று உண்டு. ராஜீவ் கோஸ்வாமி. 1990 ஆகஸ்ட்டில் வி.பி.சிங் அரசு மண்டல் கமிஷன்படி பிற்பட்டோருக்கு 27 சதவீத இடஒதுக்கீடு அறிவித்தது. அதை எதிர்த்து செப்டம்பர் 19ஆம் தேதி டெல்லியில் இந்த மாணவர் தன் உடம்பை அழித்துக்கொள்ள முயன்றார். அந்தப் படத்தைப் பத்திரிகைகள் திரும்பத் திரும்பப் போட்டன. எனக்கு அப்போது 10 வயசு. டீக்கடையில் பேப்பர் வாசித்த அண்ணன்மார் கொதித்தது ஞாபகம் இருக்கிறது. வேலை கிடைக்காவிட்டால் எங்களுக்கு இதுதான் கதி என்று காட்ட, மேல்சாதி மாணவர்கள் தெருவில் செருப்புத் துடைத்துப் போராடிய காலம் அது. செருப்புத் துடைப்பது இழிவு, அதைச் செய்யப் பிறந்தவன் வேறு ஒருத்தன் என்பதுதான் அந்தப் போராட்டத்தின் உள்ளர்த்தம். அந்த அரசியலில் எனக்கு ஒரு துளி அனுதாபம் கிடையாது, இன்றைக்கும்.

ஆனால் கோஸ்வாமி பிழைத்தார். பத்திரிகை அவரைத் தூக்கி வைத்தது, டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவரானார், பிறகு எல்லாரும் மறந்தார்கள். அதற்குப் பிறகு 13 வருசத்துக்கு மேல் அவர் அந்த உடம்போடு வாழ்ந்தார். உடல்நலம் குன்றி 2004 பிப்ரவரி 24ஆம் தேதி 33 வயசில் இறந்தார். 1990இல் அவர் படத்தை முதல் பக்கத்தில் போட்டவர்களுக்கு 2004இல் அது சின்னச் செய்தி. அவருடைய கோரிக்கைக்கு நான் எதிரி. ஆனால் அவருடைய 13 வருசத்துக்கு நான் அந்நியன் இல்லை. விரல் மடங்காத ராத்திரிகளில் அந்த மனுசனை நினைத்திருக்கிறேன். கூட்டம் அவரைத் தன் கொடியாக்கிக்கொண்டது. கொடிக்கு வலிக்காது, அவருக்கு வலித்திருக்கும்.

நம் பக்கமும் இதில் சுத்தமில்லை தோழர்களே. 1964இல் சின்னச்சாமி தொடங்கி 2009இல் முத்துக்குமார் வரைக்கும் தமிழுக்காக, தமிழருக்காக உயிர் விட்டவர்களுக்கு நாம் எழுதிய கவிதைகளை அடுக்கினால் ஒரு அறை நிறையும். அவர்கள் தியாகத்தைக் கொச்சைப்படுத்த நான் வரவில்லை. அவர்கள் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் போராட்டங்களுக்கு இன்னும் நாற்பது வருசம் உழைத்திருப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன். மேடையில் ‘உயிரைக் கொடுப்போம்’ என்று கத்துகிறோம். கீழே உட்கார்ந்திருக்கிற பையன், தூக்கமில்லாமல் ஒரு வருசமாய்த் தவிக்கிறவன், அதைத் தனக்குச் சொன்ன விசயமாக எடுத்துக்கொள்ள மாட்டான் என்று யாருக்குத் தெரியும்? தலித் பிள்ளையின் உயிரை மலிவாக்கி வைத்திருப்பது சாதி. அதையே நாமும் மலிவாக்கலாமா?

6

திரும்பி வந்தவனுக்கு வரலாற்றில் முன்மாதிரியே இல்லையா என்று தேடினேன். ஒருவர் இருக்கிறார். நாம் எல்லாரும் படம் மாட்டியிருக்கிற ஆள்தான். சித்தார்த்தன் ஆறு வருசம் தன் உடம்பைப் பட்டினி போட்டு வதைத்தார். அந்த எலும்பும் தோலுமான உருவத்தைக் காந்தாரச் சிற்பி ஒருவன் கல்லில் செய்தது லாகூர் மியூசியத்தில் இருக்கிறது. வயிறு முதுகோடு ஒட்டி, விலா எலும்பை எண்ணலாம். பிறகு ஒரு நாள் அவர், இது வழியில்லை என்று நிறுத்தினார். சுஜாதை என்கிற பெண் கொடுத்த பாற்சோற்றை வாங்கிச் சாப்பிட்டார். கூட இருந்த ஐந்து பேர், ‘இவன் தோற்றுவிட்டான், சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டுவிட்டான்’ என்று வெறுத்து விட்டுப் போனார்கள்.

இந்தக் கதையை நாம் ஞானம் பெற்ற கதையாகவே படித்து வந்திருக்கிறோம். 1957இல், பாபாசாகேப் மறைந்த பிறகு வெளிவந்த அவருடைய புத்தரைப் பற்றிய நூலிலும் இது வருகிறது. நான் அதைப் படித்தபோது என் கண்ணுக்குப் பட்டது அந்த ஐந்து பேரும் அந்தச் சோறும்தான். உடம்பை வதைத்தவரை மதித்தார்கள், சாப்பிட்டவரைக் கேவலமாக நினைத்தார்கள். திரும்பி வந்தவனை ஊர் பார்க்கிற பார்வை 2,500 வருசமாக மாறவில்லை. ஆனால் பௌத்தம் என்று ஒன்று கிடைத்தது அந்தப் பட்டினியால் இல்லை. பட்டினியை நிறுத்திச் சாப்பிட்டதால் கிடைத்தது.

உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கையில், தற்கொலையால் இறக்கிற ஒருவருக்கு முயன்று பிழைத்தவர்கள் இருபதுக்கும் மேல் இருக்கலாம் என்கிறது. செத்தவர்களை அரசாங்கம் வருசா வருசம் எண்ணிப் புத்தகம் போடுகிறது. பிழைத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. அவர்கள் நம் சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையில் முழுக்கைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறார்கள், கல்லூரி விடுதியில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மறுபடி அந்தப் பக்கம் போவதில்லை, வாழ்ந்துவிடுகிறார்கள். அதற்குக் கூட ஆள் வேண்டும்.

உங்கள் ஊரில், விடுதியில், இயக்கத்தில் ஒருத்தன் அப்படித் திரும்பி வந்தால், விசாரிக்கப் போகாதீர்கள். கூடப் போங்கள். கட்டு மாற்றுகிற நாளைக்கு பஸ்ஸுக்கு நில்லுங்கள். அவன் தட்டைத் தள்ளினால் மறுநாளும் தட்டை வையுங்கள். மறுபடி அந்த எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. வருகிறது என்றால் தனியாக விடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா இதற்காகவே இருக்கிறது. 104க்கும் 14416க்கும் போன் பண்ணினால் தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. 1997இல் எங்க ஊரில் இப்படி ஒரு நம்பர் இருந்ததாக யாருக்கும் தெரியாது. இன்றைக்குத் தெரிந்த நாம் அதைச் சங்க அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். தலைவர் படத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்துத் தங்கச்சியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் மகள் இப்போது காலேஜ் படிக்கிறாள். முழுசும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

‘எட்டாவதோட நின்னேன்னு எழுதியிருக்க. தப்பு. ஒம்பதாவதுக்குப் பேரு பதிஞ்சு மூணு நாள் போனேன். அத எழுது.’

எழுதிவிட்டேன். மூன்று நாள் போனாள்.